ஒன்றரை அங்குலம்

கூண்டுக் கதவைத் திறந்து, காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு செங்கல்லை அண்டை கொடுத்துவிட்டு, கோமதிநாயகம் ஏழெட்டு அடி தள்ளிக் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். காலை ஆறரை மணி. மொட்டைமாடித் தளத்தின் குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறியது. இனி அவர் செய்ய ஒன்றுமில்லை. கிட்டப் போகாதீங்க சார், கூப்பிடாதீங்க, அதுங்களாப் போகணும், போகலன்னா கதவு பாட்டுக்குத் திறந்து கிடக்கட்டும் என்று கால்நடை டாக்டர் ஷமீமா சொல்லியிருந்தார். மூன்று மாதமாக இந்தக் காலைக்காகத்தான் எல்லாம். வைகாசிக் கடைசியில் அடித்த காற்றில் பக்கத்து வீட்டு ஜன்னல் சன்ஷேடிலிருந்து தேங்காய் நாரும் கந்தல் துணியுமாக ஒரு கூடு விழுந்தது. அதற்குள் மூன்று அணில் குஞ்சுகள், கண் திறக்காமல், கட்டைவிரல் நீளத்தில், ரோஸ் நிறத்தில். தாய் வந்து தூக்கிப் போகும் என்று சாயங்காலம் வரைக்கும் மதிற்சுவரில் வைத்துப் பார்த்தார். வரவில்லை. பிறகு ஊசி கழற்றிய சிரிஞ்சில் இரண்டு மணிக்கு ஒரு தடவை பால், வெந்நீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றைத் தடவி மூத்திரம் போகவைப்பது, பல் முளைத்ததும் ஊறப்போட்ட நிலக்கடலை, கொய்யா, வெள்ளரிப்பிஞ்சு. மரத்துக்குப் போகிற பிள்ளைகளுக்குப் பேர் எதற்கு என்று அவர் பேர் வைக்க விடவில்லை. ஆனாலும் அவர் மனைவி உலகம்மாள் பெரியவன், நடுவுள்ளவன், சின்னது என்று கூப்பிட்டாள். அது பேரில்லையே, வரிசைதானே என்றாள். சின்னதுக்கு மட்டும் வால் ஒன்றரை அங்குலம். மீதி வால் போய்விட்டது. போய்விட்டது என்று நினைக்கும்போதே அவருடைய வலது கை நாற்காலியின் பிடியிலிருந்து இறங்கி மடிக்குள் போய், இடது கைக்கு அடியில் ஒளிந்துகொண்டது. இப்போதெல்லாம் அது அப்படித்தான் செய்கிறது. அவர் சொல்லிச் செய்வதில்லை.

பெரியவன் முதலில் வெளியே வந்தான். செங்கல்மேல் ஏறி நின்று, வாலை மூன்று தரம் உதறி, கீச்சென்று கத்தினான். அந்த உதறலில் ஒரு தெம்பு இருந்தது, இது என் இடம் என்பது போல. அப்புறம் கைப்பிடிச் சுவர், சுவரிலிருந்து பக்கத்து வீட்டு வேப்பமரம் இந்தப் பக்கம் நீட்டியிருக்கும் கிளை, அவ்வளவுதான், இலைக்குள் போய்விட்டான். நடுவுள்ளவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு அவனும் அதே வழியில் போனான். பாய்கிறபோது வால் பின்னால் நீண்டு, கிளையில் கால் பட்ட அந்தக் கணத்தில் ஒரு பக்கமாக வளைந்து, ஆட்டத்தை நிறுத்தி, உடம்பை நேராக்கியது. எத்தனை அணிலைப் பார்த்திருப்பார், அறுபத்தொரு வயதில். வால் இப்படி வேலை செய்கிறது என்று இந்த ஐந்து வாரத்தில்தான் கண்ணில் பட்டது. கயிற்றில் நடக்கிறவனுக்குக் கையில் கம்பு எப்படியோ அப்படி. மழைக்கு அதுதான் மேலே போர்த்திக்கொள்வது, தூங்கும்போது மூக்கை மூடிக்கொள்வதும் அதுதான், பேச்சும் அதுதான். உலகம்மாள் படியேறி வந்தாள், ஒரு கையில் முருங்கைக்கீரைக் கட்டும் இன்னொரு கையில் சுளகுமாக. "ரெண்டும் போயிட்டா?" என்றாள் மெதுவாக. அவர் தலையசைத்தார். "சின்னது?" அவர் கூண்டைக் காட்டினார். கூண்டுக்குள் கட்டியிருந்த தேங்காய்ச் சிரட்டையின் ஓட்டையில் ஒரு மூக்கும் இரண்டு கண்ணும் தெரிந்தன. உலகம்மாள் அவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, சுளகை மடியில் வைத்துக்கொண்டு கீரை உருவத் தொடங்கினாள்.

அவர் பார்க்காமல் இருக்க முயன்றார். காம்பின் நுனியை இடது கையில் பிடித்து, வலது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கொடுத்து ஒரே இழுப்பு. இலை முழுவதும் அவள் விரலோடு வந்துவிட, கையில் வெறும் ஈர்க்கு நின்றது, மெல்லிசாக, ஈரமாக, வெளிறிப்போய். அடுத்தது. சரக். அடுத்தது. அவள் முப்பத்தெட்டு வருஷமாக இப்படித்தான் கீரை உருவுகிறாள், இது ஒரு சத்தமே இல்லை, பக்கத்தில் இருந்தால்கூடக் கேட்காது, ஆனால் அவருக்குக் கேட்டது. உருவுவது என்ற வார்த்தையே அவருக்கு ஆகாமல் போயிற்று. டாக்டர் சொன்ன வார்த்தை. உருவின மாதிரி இருக்கே சார் என்றார். இல்லை, அதை இப்போது நினைக்கவேண்டாம். வேறு எதையாவது நினைக்கலாம். ஆய்வுக்கூடத்தை நினைக்கலாம். ஆனால் ஆய்வுக்கூடத்தை நினைத்தாலும் சுற்றிச்சுற்றி அங்கேதான் வந்து நிற்கும். கல்லூரி விலங்கியல் துறையில் முப்பத்துநாலு வருஷம் ஆய்வுக்கூட உதவியாளர். ஃபார்மலின் நெடி அவர் சட்டையில் ஊறி, பஸ்ஸில் பக்கத்து ஆள் எழுந்து போவான். தவளை, கரப்பான், பிறகு வெள்ளெலி. எலிக்கூண்டில் கைவிட மாணவர்கள் நடுங்குவார்கள், சில புதிய வாத்தியார்களும்தான். கோமதிநாயகம் பேசிக்கொண்டே கையை விடுவார். வாலடியைப் பிடித்தால் எலி திரும்பிக் கடிக்க முடியாது. வாலடி, அதாவது வால் உடம்போடு சேருகிற இடம். நுனியைப் பிடிக்கக்கூடாது, நுனியைப் பிடித்தால் தோல் கழன்று வந்துவிடும் என்று ஒவ்வொரு வருஷமும் அவர்தான் பையன்களுக்குச் சொல்வார். சொன்னவர் அவர்தான். தெரியாதவர் இல்லை. நாயகத்தோட கை பட்டா எலி கண்ண மூடிக்கிடும் என்று துறைத்தலைவர் ஒருமுறை வெளியூர்க்காரர்களிடம் சொன்னார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து உலகம்மாளிடம் அதை இரண்டு தரம் சொன்னது ஞாபகம் இருக்கிறது. எத்தனை எலி இருக்கும்? எண்ணியதில்லை. குளோரோஃபார்ம் ஜாடிக்குள் விட்டு மூடியைத் திருகிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறார். ஒருநாளும் தூக்கம் கெட்டதில்லை. அதுதான் இப்போது பயமாக இருந்தது. அத்தனைக்கும் சேர்த்து ஒன்றுமே தோன்றவில்லை, இந்த ஒன்றுக்கு மட்டும் இப்படி. அப்படியானால் இது பாவம் பழி என்பது இல்லை, வேறு எதுவோ.

"என்ன, ஒரே இடத்தயே பாத்துக்கிட்டு இருக்கிய?" என்றாள் உலகம்மாள்.

"ஒண்ணுமில்ல."

"அது போயிருமாங்க?"

"போவும். பொறு."

அவள் ஈர்க்குகளைச் சேர்த்து ஒரு பக்கம் வைத்தாள். தலையில் பூ இல்லை. ஐந்து வாரமாக அவள் பூ வைப்பதில்லை. பூக்காரி வாசலில் நின்று கூப்பிட்டுவிட்டுப் போகிறாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை, கேட்டால் சொல்லிவிடுவாளே. சின்னது நல்லபடியாக மரமேறிப் போகிற வரைக்கும் என்று அம்மனுக்கு நேர்ந்திருக்கிறாள், அது அவருக்குத் தெரியும், மகளிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தது அடுத்த அறைக்குக் கேட்டது. நாந்தான் அவசரத்துல கதவச் சாத்திட்டேன் தாயி, அதுக்கு வாலு போயிட்டு, நான் பாவி. மகள் ஏதோ சமாதானம் சொல்லியிருப்பாள். அவர் அந்தப் பக்கம் உட்கார்ந்து செய்தித்தாளில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார். என்ன வரி என்று இப்போதுகூடச் சொல்ல முடியும், தென்காசி ரயில் நேரம் மாற்றம்.

செவ்வாய்க்கிழமை அது. கூண்டு அப்போது பின் அறையில் இருந்தது. உலகம்மாள் கொய்யாத் துண்டு போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள், அடுப்பில் குக்கர் சத்தம் போட்டதால் கொக்கியைச் சரியாகப் பார்க்காமல் ஓடினாள். அது வரைக்கும் உண்மை. அதை அவள் சொல்வதில் பொய்யில்லை. ஐந்து நிமிஷத்தில் சின்னது கதவைத் தலையால் முட்டித் திறந்துகொண்டு வெளியே வந்து, கட்டில் கால், மேசை, மேசையிலிருந்து ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே மதில்மேல் சாம்பல் பூனை உட்கார்ந்திருந்தது. ஜன்னல் கம்பிக்கு நடுவே சின்னதின் தலை போய்விட்டது, தோள் போய்விட்டது. அவர் பாய்ந்தார். யோசிக்கவில்லை. யோசிக்கிற அளவுக்கு நேரமிருந்ததா என்று எத்தனையோ தரம் எண்ணிப் பார்த்துவிட்டார், இருந்த மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. ஒரு துண்டை மேலே போட்டிருக்கலாம். ஜன்னல் கதவைத் தட்டிப் பூனையை விரட்டியிருக்கலாம். கை போயிற்று. முப்பத்துநாலு வருஷம் எங்கே போய்ப் பழகியதோ அங்கே போயிற்று. ஆனால் வாலடிக்குக்கூடப் போகவில்லை, அவசரத்தில் அதற்கும் கீழே, நடுவாலுக்குப் போயிற்று. பிடித்தது, இழுத்தது. ஒரு சத்தமும் இல்லை. பிடி இளகியது. விரல்களுக்குள் மெத்தென்று, சூடாக, மயிரோடு ஏதோ தங்கிவிட்டது. அது பின்பக்கமாக அறைக்குள் விழுந்து ஓடியது, பின்னால் வெள்ளையாக ஈரமாக ஒரு நரம்பை இழுத்துக்கொண்டு. அது நரம்பில்லை, எலும்பு என்று அவருக்குத் தெரியும். கையில் இருப்பது என்னவென்றும் தெரியும். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஏன் பையில்? கீழே போட்டிருந்தால் உலகம்மாள் பார்த்திருப்பாள். அப்படியானால் அப்போதே, அந்த நொடியிலேயே, மறைக்கவேண்டும் என்று எண்ணம் வந்துவிட்டது. யோசிக்க நேரமில்லாமல் இழுத்தவருக்கு ஒளிக்க நேரமிருந்தது. இந்த இடத்தில் வந்துதான் ஒவ்வொரு நாளும் மாட்டிக்கொள்கிறார், சேலை முந்தானை ஆணியில் மாட்டுவது போல, இழுத்தால் கிழியும், இழுக்காவிட்டால் நகர முடியாது.

"என்னாச்சு? ஐயோ, என்னாச்சு அதுக்கு?" என்று உலகம்மாள் கரண்டியோடு ஓடிவந்தாள்.

"கதவுல மாட்டிட்டு" என்றார்.

அவள் கூண்டுக் கதவைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். "நாந்தான சாத்தினேன்" என்றாள். அவர் இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள், கரண்டியிலிருந்து குழம்பு சேலையில் சொட்டியது. அப்புறம் அவர் சொன்ன வார்த்தை, அதை நினைத்தால் இப்போதும் காது மடல் சுடுகிறது. சரி விடு உலகு, தெரியாம நடந்தது, நான் ஒண்ணும் நினைச்சுக்கிடல. அவளை மன்னித்துவிட்டார். சட்டைப்பையில் அதை வைத்துக்கொண்டு அவளை மன்னித்தார். அவள் அவர் கையைப் பிடித்து அழுதாள், அந்த வலது கையைத்தான்.

டாக்டர் மேசையில் வெளிச்சத்தைத் திருப்பிக் குனிந்து பார்த்தார். அணிலுக்கு வாலில் அடிபட்டுக் கொண்டுவருவது அவருக்குப் புதிதில்லை, மாதத்துக்கு இரண்டு வரும். பசி தாங்காமல் கூடப் பிறந்ததே வாலைச் சப்பிச் சப்பிப் புண்ணாக்கும். கம்பிவலையில் மாட்டிக்கொள்ளும். கதவில் நசுங்கும். இதைப் பேசிக்கொண்டே பார்த்தவர் கொஞ்சம் நிறுத்தினார். "கதவுன்னா எலும்பு நசுங்கியிருக்கும் சார். இது உருவின மாதிரி இருக்கே" என்றார். பக்கத்து நாற்காலியில் உலகம்மாள், மடியில் காலியான அட்டைப்பெட்டி. "மாட்டினப்புறம் இழுத்துக்கிட்டு ஓடியிருக்கும்" என்றார் கோமதிநாயகம். டாக்டர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார், பிறகு உலகம்மாளைப் பார்த்தார். அந்தப் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும், எல்லாம் தெரிந்த கண். "இருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். தோலில்லாத எலும்பு காய்ந்து அழுகும், வெட்டித்தான் ஆகணும், ஒன்றரை அங்குலம் மிஞ்சும் என்றார். வாலில்லாமல் மரத்தில் பிழைக்குமா என்று உலகம்மாள் கேட்டாள். "பிழைச்சிருக்கு ம்மா, பாத்திருக்கேன். பிழைக்காததையும் பாத்திருக்கேன். இது எதுன்னு விட்டுப் பாத்தாத்தான் தெரியும்."

சிரட்டையிலிருந்து சின்னது வெளியே வந்தபோது ஏழரை தாண்டியிருந்தது. உலகம்மாள் கீரையை நிறுத்தினாள். அது கூண்டு வாசலில் நின்று முன்காலால் முகத்தைத் தேய்த்துக்கொண்டது. பிறகு செங்கல், சுவர். சுவரில் அது நன்றாகவே ஓடும், தட்டையான இடத்தில் குறை தெரியாது, தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ ஒரு பெரிய எலி. எலி என்று தோன்றியதும் அவர் பார்வையைக் கிளைக்குத் திருப்பிக்கொண்டார். வேப்பங்கிளைக்கும் சுவருக்கும் நடுவே ஒன்றரை அடி. அது அளந்து பார்த்தது, பின்வாங்கியது, மறுபடி வந்தது. பாய்ந்தது. கால் கிளையில் பட்டது, உடம்பு நிற்காமல் அந்தப் பக்கமாகச் சாய்ந்தது, ஒன்றரை அங்குலம் காற்றில் துடித்தது, அது போதாது, தலைகீழாகத் தொங்கி, நகத்தால் பட்டையைக் கீறி, ஏறிவிட்டது. உலகம்மாள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஏறிட்டு" என்றாள் விரலுக்குள்ளிருந்து. ஏறிவிட்டது. அவருக்கும் நெஞ்சில் ஏதோ ஏறியது, ஒரு கணம், சோடா குடித்தது போல. அப்போது மேலே இருந்த அணில்கள் வந்துவிட்டன. மரத்துச் சொந்தக்காரர்கள். இரண்டு, மூன்று. வாலை விசிறி விசிறி உதறிக் கத்தின. சின்னது அசையாமல் நின்றது. பதிலுக்கு உதற அதற்கு ஒன்றுமில்லை. நீ யார், எங்கேயிருந்து வருகிறாய் என்று அவை கேட்கின்றன, அதற்கு வாயில்லை. பிறகு ஒன்று துரத்தியது. சின்னது மெல்லிய கிளைக்கு ஓடியது, கிளை ஆடியது, அது விழுந்தது. அடியில் நின்ற முருங்கை மரத்தின்மேல் விழுந்து, முறிந்த கொம்போடு இன்னும் கீழே போய், பிடித்துக்கொண்டு, மறுபடி ஏறி, மறுபடி பாய்ந்து, மறுபடி. மூன்றாவது தரம் விழுந்தபோது தரையில் தொப்பென்று சத்தம் கேட்டது. அவர் எழுந்துவிட்டார். "போகாதிய, கிட்டப் போகக்கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்கல்லா" என்று உலகம்மாள் அவர் வேட்டியைப் பிடித்தாள். கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்தார். கீழே ஒன்றுமில்லை. சருகும் துவைக்கிற கல்லும் கிடந்தன. மதிலில் பூனையும் இல்லை. மரத்தில் சத்தம் அடங்கிவிட்டது.

எட்டு மணி, ஒன்பது மணி. வெயில் சுவரிலிருந்து இறங்கித் தளத்துக்கு வந்து, அவர் கால்விரலைத் தொட்டது. அது எங்கேயும் காணவில்லை. போயிட்டு என்று நினைக்கலாமா? மரத்தின் அந்தப் பக்கம், அதற்கப்பால் தென்னைகள், அதற்கப்பால் பள்ளிக்கூடத்துப் புளியமரம், அங்கே போய் ஒரு பொந்தில் இருக்கலாம். அல்லது முருங்கைக்குக் கீழே சருகுக்குள் இருக்கலாம். இரண்டும் ஒரே அமைதிதான், கண்டுபிடிக்க வழியில்லை. அது பிழைத்துப் போய்விட்டால் இன்றைக்கே உலகம்மாளிடம் சொல்லிவிடவேண்டும் என்று அவர் முடிவு செய்தார். சந்தோஷத்தில் இருப்பாள், பூ வைத்துக்கொள்வாள், அந்த நேரத்தில் சொன்னால் பெரிதாகத் தெரியாது. ஏளா, அன்னைக்கு நீ இல்ல, நாந்தான். ஒரு வரி, ஒரு மூச்சில் சொல்லி முடிக்கலாம். ஆனால் பிழைத்துப் போய்விட்டால் சொல்லித்தான் என்ன ஆகப்போகிறது, நல்லபடியாக முடிந்ததை ஏன் கிளறவேண்டும்? செத்துவிட்டால் சொல்லவேண்டும், இல்லையென்றால் கொன்றது தான்தான் என்றே அவள் சாகும்வரை நினைத்துக்கொண்டு இருப்பாள். ஆனால் செத்த பிறகு எப்படிச் சொல்வது, அந்தத் துக்கத்தின்மேல் இதையும் ஏற்றவா? எந்தப் பக்கம் போனாலும் சொல்லாமல் இருக்கக் காரணம் தயாராக நின்றது, நல்ல காரணம், அவள்மேல் இருக்கிற அக்கறை மாதிரியே உடுத்திக்கொண்டு. சொன்னால் அவள் என்ன செய்வாள்? கத்தமாட்டாள். அதுதான் கஷ்டம். ஐந்து வாரமா என்று கேட்பாள். ஐந்து வாரமா பாத்துக்கிட்டு இருந்தியளா என்று கேட்பாள். அணிலைப் பற்றிக் கேட்கவே மாட்டாள். கேட்டுவிட்டுச் சுளகை எடுத்துக்கொண்டு கீழே போவாள், சோறு வடிப்பாள், அவருக்குப் போடுவாள், அவருடைய முகத்தைப் பார்க்கமாட்டாள். மீதி இருக்கிற வருஷம் முழுக்க. முப்பத்தெட்டு வருஷத்தில் இவர் நல்ல மனுஷன் என்று அவள் நம்புகிறாள், வேறு பெரிய சொத்து எதுவும் அவர் அவளுக்குத் தரவில்லை. இதை எடுத்துவிட்டால்? காக்கை ஒன்று கூண்டின்மேல் வந்து உட்கார்ந்தது. உள்ளே தலையை விட்டுக் கொய்யாத் துண்டைக் கொத்திக்கொண்டு போனது. அவர் விரட்டவில்லை.

"நான் ஒண்ணு சொல்லட்டா?" என்றாள் உலகம்மாள் திடீரென்று. கீரை எல்லாம் உருவி முடித்துச் சுளகில் பச்சையாகக் குவிந்திருந்தது. "அது போயிட்டுன்னே வச்சுக்கிடுவோம். நல்லா இருக்குன்னே வச்சுக்கிடுவோம். தேடிப் பாக்க வேண்டாம்."

"சரி."

"நீங்க ஒரு நாளும் என்ன ஒரு சொல்லு சொல்லல. வேற ஆளா இருந்தா சொல்லிக் காட்டிக்கிட்டே இருப்பாங்க. அத நான் மறக்கமாட்டேன்."

அவர் தொண்டையைக் கனைத்தார். இப்போது. இதுதான் இடம். வாயைத் திறந்தார், நாக்கு ஒட்டியிருந்தது, காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை, உலகு என்றார், அவள் என்ன என்று நிமிர்ந்தாள், அவளுடைய கண்ணுக்குக் கீழே இந்த ஐந்து வாரத்தில் கறுத்துவிட்ட இடத்தை அவர் பார்த்தார். "வெயில் ஏறிட்டு. நீ கீழ போ" என்றார். அவள் போகவில்லை. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் பத்து மணியையும் பதினொரு மணியையும் அப்படியே உட்கார்ந்து கழித்தார். மனசு ஓடி ஓடி அலுத்து ஒரு கட்டத்தில் ஒன்றுமே இல்லாமல் போயிற்று, தண்ணீர் போன தொட்டி மாதிரி. ஒரு வல்லூறு மேலே வட்டமடித்தது, பிறகு இல்லை. தெருவில் கோலப்பொடி விற்கிறவன் கத்திக்கொண்டு போனான்.

பன்னிரண்டு மணிக்குச் சற்று முன்னால் அது திரும்பி வந்தது. மரத்திலிருந்து இல்லை, மாடிப்படி வழியாக வந்தது. படி படியாக, ஒவ்வொன்றிலும் நின்று, மூச்சு வாங்கி. இடது பின்காலை ஊன்றவில்லை. முதுகின் மூன்று கோட்டில் ஒரு கோட்டின்மேல் ரத்தம் காய்ந்திருந்தது. அவர்களைத் தாண்டிப் போனது, ஒருமுறைகூடப் பார்க்கவில்லை, நேராகக் கூண்டுக்குப் போய், செங்கல்லைச் சுற்றி உள்ளே நுழைந்து, சிரட்டைக்கு ஏற முடியாமல் அதற்குக் கீழே கந்தல் துணிமேல் சுருண்டது. வாலால் மூடிக்கொள்ளவேண்டிய முகத்தைத் துணிக்குள் புதைத்துக்கொண்டது. விலா எலும்பு படபடவென்று ஏறி இறங்கியது. ஆய்வுக்கூடத்தில் எத்தனையோ பிராணிகள் இப்படிச் சுருண்டு பார்த்திருக்கிறார். இது வீடு தேடி வந்தது இல்லை. வேறு எங்கேயும் முடியவில்லை என்று வந்தது. இனி இது போகாது. டாக்டர் கட்டுப் போடுவார், கால் ஆறும், இரண்டு மாதம் கழித்து இன்னொரு காலையில் கதவைத் திறந்தாலும் வாசலுக்கு வந்து மரத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடும். இந்த நாலுக்கு மூன்றடிக் கம்பிக்குள், எத்தனை வருஷம், நாலு, ஐந்து, இது இருக்கும், அவர் அதற்குக் கொய்யா நறுக்கிப் போடுவார்.

உலகம்மாள் அழுதுகொண்டிருந்தாள், ஆனால் சிரித்துக்கொண்டும் இருந்தாள். "வந்துட்டு பாத்தியளா! நம்மளத் தேடி வந்துட்டு. ஏ எங்கம்மா. எம்மேல கோவம் இல்ல அதுக்கு. கோவம் இருந்தா வருமா? சொல்லுங்க, வருமா?"

கோபம் அதற்கு உன்மேல் இல்லை என்பது உண்மைதானே.

"வராது" என்றார்.

அவள் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கூண்டருகே போய்க் குனிந்து நின்றாள். "நான் சாத்தட்டா?" என்று கேட்டாள், சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி. "அன்னையிலருந்து இந்தக் கதவத் தொடவே பயம். இன்னைக்கு நான் சாத்துதேன்."

"சாத்து."

அவள் செங்கல்லைத் தள்ளினாள். கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையின் விரலைக் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே விட்டு, மேலிருந்து கீழ்வரை தடவினாள். எதுவும் மாட்டவில்லையே என்று பார்த்தாள். கீழ் மூலையில் கொஞ்சம் நிறுத்தி, குனிந்து, மறுபடியும் தடவினாள். பிறகு மெதுவாக, குழந்தை தூங்குகிற அறைக் கதவைச் சாத்துவது போலச் சாத்தி, கொக்கியை மாட்டி, இழுத்துப் பார்த்தாள்.

"ஒண்ணும் படல, பாத்தியளா?" என்றாள் அவரைத் திரும்பிப் பார்த்து.

"ஒண்ணும் படல" என்றார் கோமதிநாயகம்.

"டாக்டரம்மாவுக்குப் போன் போடுங்க. நான் சோத்த வடிச்சிட்டு வாரேன்."

அவள் சுளகை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். அவர் போனை எடுத்தார். டாக்டர் உடனே எடுத்துவிட்டார். என்ன சார், போயிட்டுதா என்று கேட்டார். கீழே சமையலறையில் உலகம்மாள் ஏதோ முணுமுணுத்துப் பாடுவது கேட்டது, ஐந்து வாரத்துக்குப் பிறகு. அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். சார், இருக்கீங்களா, என்ன ஆச்சு, மறுபடி அடிபட்டுதா, எப்படிப் பட்டுது என்று டாக்டர் கேட்டுக்கொண்டே இருந்தார்.